என் சுண்டுவிரலை வெட்டியது யார்

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. இந்தச் சீசனுக்குக் காத்திருந்ததுபோல எந்தச் சீசனுக்கும் நான் காத்திருந்ததில்லை. லாட்ஜ் வைத்திருக்கிறவன் சீசனுக்குக் காத்திருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ரூம் கேட்டு வருகிற கூட்டத்தைப் பற்றி எனக்கு என்றைக்கும் கவலை இருந்ததில்லை. பத்து லாட்ஜைத் தாண்டி என் லாட்ஜைத் தேடி வருவார்கள். நான் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பது விசித்திரத் திகில் கதை வாசகர்களின் மாநாட்டுக்கு. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற, ஒருவரை ஒருவர் போன் குரூப்பில் மட்டும் அறிந்த கிறுக்கர்கள் எல்லாரும் முதல் தடவையாக ஓரிடத்தில் கூடப்போகிறார்கள். இடம், ஐந்தருவி ரோட்டில் என் லாட்ஜின் மாடி ஹால். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் முதல் கதை என்னுடையது என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. அடித்த வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி அவர் முழங்காலிலேயே ஒன்று போட்டேன். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தேன். சந்தையில் சம்பாதித்ததுதான் தென்காசியில் வீடு, குற்றாலத்தில் லாட்ஜ் எல்லாம். அப்பன் பாட்டன் எழுதி வைத்ததென்று ஒரு செங்கல் கிடையாது. என்னை அடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பேர் சீசனுக்கு என்னிடம்தான் ரூம் கேட்டு வருகிறார்கள்.

படிப்பு வராத எனக்குக் கதைப் பித்து எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அருவிக்கு வருகிறவர்கள் ரூமைக் காலி செய்யும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். எண்ணெய்ப் பாட்டில், ஈர ஜட்டி, ஒற்றைச் செருப்பு. ஒரு மழைக்காலத்தில் ஒருவர் ஒரு மஞ்சள் பை நிறையப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். திரும்பக் கேட்டு வரவே இல்லை. சீசன் முடிந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். முதல் கதையில் ஒருவன் வீட்டுச் சுவரில் ஈரம் படர்கிறது. நாளாக ஆக அந்த ஈரம் அவனுடைய உருவத்துக்கே வருகிறது. தோள் வருகிறது, காது வருகிறது. கதை அவ்வளவுதான். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. வாசித்து முடித்த மறுநாள் காலையில் என் லாட்ஜின் மூலை ரூமில் சுவர் ஓதம் அடித்திருந்ததைப் பார்த்தேன். கடப்பாரையை எடுத்து, செங்கல் பல்லைக் காட்டுகிறவரை காரையைக் கொத்தித் தள்ளினேன். ரூம்பாய்கள் முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கீழே ஓடினார்கள்.

கத்தியைப் பார்த்துப் பயந்தவனில்லை நான். குடல் சரிந்தவனைத் துண்டால் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன். என்னையே நடுங்க வைக்கிற ஒன்று அச்சடித்த தாளில் இருக்கிறது என்றால் அதை விட மனம் வருமா? அன்றிலிருந்து அந்த மாதிரிக் கதை எங்கே கிடைத்தாலும் வாங்குவேன். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் போட்ட கதையெல்லாம் எனக்கு ஆகாது. இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று இருக்க வேண்டும். அதுதான் விசித்திரத் திகில். குரூப்பில் இருக்கிற எம்.ஏ. படித்தவர்களுக்கே இதை விளக்கிச் சொன்னவன் நான்தான்.

மாநாட்டில் வாசிக்க நான் எழுதியிருக்கிற கதைக்கு விதை ஒரு வெட்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவனின் தரகனும் விற்கிறவனின் தரகனும் வலது கையை நீட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் இரண்டு முகம்தான் தெரியும், விலை தெரியாது. துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி என்று ஒருவரும் கிடையாது.

அன்றைக்கு ஒரு ஜோடி வெள்ளைக் காளைக்கு நான் விற்கிறவன் பக்கத் தரகன். எதிர்ப்பக்கம் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் மகன். என்னைவிட ஒரு சாண் உயரம், எருமைக் கழுத்து. அவன் துண்டுக்குள் என் விரல் மூன்றைப் பிடித்தான். துண்டை எடுத்ததும் மாடு வாங்குகிற தன் ஆளைப் பார்த்து இரண்டு என்றான். பிடித்தது இரண்டைத்தானாம், மூன்றாவதில் பட்டது பிடிமானத்துக்கு வைத்த கட்டைவிரலாம். இன்றைக்கும் சொல்கிறேன், அவன் பிடித்தது மூன்று. மாடு விரட்டுகிற தார்க்குச்சியை ஓங்கி அவன் நெற்றியில் இறக்கினேன். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கிற்று. அவன் பக்கத்து வண்டியில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவனின் அரிவாளைப் பறித்தான். வீச்சு என் கழுத்துக்குத்தான் வந்தது. வலது கையைக் கொடுத்தேன். சுண்டுவிரலோடு போயிற்று. வெள்ளைக் காளையின் முதுகில் குங்குமம் தெறித்த மாதிரி என் ரத்தம். வெட்டுப்பட்ட அந்தக் கையாலேயே அவன் மூக்கில் குத்தினேன். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது. பிறகுதான் சந்தைக்காரர்கள் எங்களைப் பிய்த்து எடுத்தார்கள்.

அவன் ஜெயிலுக்குப் போனான், நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாய்க்கால்தான். பகை நீண்டால் இரண்டு பக்கமும் நெல் காய்ந்துபோகும். பெரிய ஆட்கள் கூடி உட்கார்ந்து, கேஸை நான் வாபஸ் வாங்குவதென்றும் அவன் தங்கையை எனக்குக் கொடுப்பதென்றும் பேசி முடித்தார்கள். வெட்டுப்பட்ட கையில் கட்டு அவிழ்க்கும் முன்னால் தாலி கட்டினேன். அதுவரை அவன், அதற்குப் பிறகு அவர், என் மச்சான். என் வீட்டுக்காரி அந்த வீட்டுப் பெண் என்பதைப் பேச்சிலேயே காட்டுவாள். கோபம் வந்தால் இப்போதும் அவள் சொல்வது ஒன்றுதான். “ஒரு சுண்டுவெரலுக்கு என்னைய நிறுத்துக் குடுத்தாவ.”

போன விரலால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. செங்கோட்டை தாண்டி மாடு பிடிக்க வருகிற மலையாள வியாபாரிகளுக்கு என் கைக் கதை தெரியாது. துண்டுக்குள் கையை விட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். ஐந்தாவது விரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு மொட்டு தட்டுப்படும். பாம்பைத் தொட்டவன் மாதிரி முகம் மாறும். அந்த ஒரு நொடியில் நான் சொன்னதுதான் விலை. உள்ள விரலால் சம்பாதித்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. இல்லாத விரலால் லாட்ஜ் கட்டியவன் நான் ஒருவன்தான்.

கதையில் இதைத்தான் வேறு மாதிரி எழுதினேன். சந்தை கலைந்துகொண்டிருக்கிறது. ஒரு தரகனிடம் முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து துண்டை நீட்டுகிறான். விற்கிற மாடு எங்கே என்று கேட்டால் பதிலில்லை. பழக்கதோஷத்தில் தரகன் கையை விடுகிறான். துண்டுக்குள் அந்த ஆளின் விரலை எண்ணுகிறான். ஐந்து எண்ணியாகிவிட்டது, அதற்கு அடுத்தும் ஒரு விரல் இருக்கிறது. அதற்கடுத்தும் இருக்கிறது. அவன் எண்ண எண்ண விரல்கள் குளிர்ந்துகொண்டே போகின்றன, முடிகிற பாடில்லை. துண்டோ கைக்குட்டை அளவுதான். கடைசியில் கையை உருவிக்கொண்டு பார்த்தால் தன் கையில் ஒன்று குறைகிறது. எதிரே துண்டு மட்டும் தரையில் கிடக்கிறது, மெல்ல அசைகிறது. இதை எழுத எனக்கு ஒரு கோடைகாலம் முழுதும் ஆயிற்று. மாநாட்டை நடத்துகிறவர்களில் ஒரு பெண் தென்காசியிலேயே கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். அவளிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “அண்ணாச்சி, நான் துண்ட எடுத்து முகம் தொடைக்கவே பயப்படுதேன்” என்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாசித்துப் பழக வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானைச் சுரண்டையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டேன். அங்கே அவர் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு, மைக் பிடிக்கிற மாதிரி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, முழுக் கதையையும் வாசித்தேன். கண்ணை மூடாமல் கேட்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீரு மாப்ளே. ஆமா, கடேசில வெரல எடுத்தது ஆரு?”

“அதான் மச்சான், துண்டுக்குள்ள இருந்துச்சே அது.”

“அதுன்னா எது?”

“அதுக்குப் பேரு கெடையாது. பேரு வச்சா பயம் போயிரும்.”

“பேரு கெடையாதா?” சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைக் கீழே வைத்தார். “ஏலே, எனக்கா பேரு கெடையாது?”

“இது கத மச்சான்.”

“கதையாவது மண்ணாவது. வெட்டுனவன் நானு. செயில்ல களி தின்னவன் நானு. பேயா போயி களி தின்னுச்சி? ஊரறிய நான் செஞ்ச சோலிய எவனோ ஒரு பேயிக்குத் தூக்கிக் குடுக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு?”

நான் வாயை அடக்கியிருக்கலாம். என் கதையை விட்டுக்கொடுக்க எனக்கு வராது. “நீரு வெட்டுனதுல என்ன வே பயம் இருக்கு? நம்ம பக்கத்துல வாரத்துக்கு ஒருத்தன் வெட்டுதான். பேப்பர்ல மூணாம் பக்கத்துல, நெல்லு வெலைக்குக் கீழ போடுதான்.”

வெற்றிலைச் செல்லம் பறந்து வந்தது. பித்தளை. என் புருவத்தில் பட்டு வெட்டியது. டம்ளரை அவர் வாயில் குத்தினேன். முன்பல் ஒன்று ரத்தத்தோடு சோற்றுத் தட்டில் விழுந்தது. எருமைக் கழுத்து இப்போது கிழட்டு எருமைக் கழுத்து, ஆனாலும் எருமை எருமைதான். என் குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு தேய்த்தார். நான் முழங்காலால் அவர் அடிவயிற்றில் ஏற்றினேன். இரண்டு பேரும் கறிச்சட்டிமேல் விழுந்து, எலும்பும் மசாலாவுமாக உருண்டோம். அறுபதைத் தாண்டியவர்கள் இப்படி அடித்துக்கொண்டு நான் கேள்விப்பட்டதில்லை. என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து கொதிக்கிற வடிகஞ்சியோடு வந்தாள். எங்கள் காலில் ஊற்றினாள். தனித்தனியாகத் துள்ளி விழுந்தோம்.

“ரெண்டு கெழட்டுக் கடாவும் ரோட்டுல போயி முட்டுங்க. எம் பாத்திரம்லாம் நெளியுது” என்றாள்.

மச்சான் வெந்த காலோடு வாசலில் நின்று கத்தினார். “எம்பேரு இல்லாம அந்தக் கதை மைக்குல ஒரு வார்த்த வரட்டும். மைக்கப் புடுங்கி ஒந்தொண்டைக்குள்ள எறக்குதேனா இல்லியான்னு பாரு.”

செய்வார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரப்போகிறவர்களோ பாங்க் கிளார்க், கம்ப்யூட்டர் வேலைக்காரர், கல்லூரி டீச்சர். காகிதத்தில் ரத்தத்தைக் குடம் குடமாகக் குடிப்பார்கள், நேரில் ஒரு சொட்டுப் பார்த்தால் மயக்கம் போடுவார்கள். ஒரு நாற்காலி பறந்தாலும் போதும், முதல் மாநாடே கடைசி மாநாடாகிவிடும். சரி, மச்சான் பேரைப் போட்டுவிடலாம் என்றால் கதை வெறும் அடிதடிக் கேஸாகிவிடும். அந்தக் கல்லூரிப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள், “நெசமா நடந்தத அப்படியே சொன்னா சேத்துக்க மாட்டோம் அண்ணாச்சி, ஏதாவது வெளங்காத ஒண்ணு அதுல இருக்கணும். அதான் நம்ம மாநாட்டு விதி.” என் ஆயுளில் எத்தனையோ மேடைக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். என்னை மேடையேறிப் பேசச் சொன்னவர்கள் இவர்கள்தான் முதல். அந்தக் கால் மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

காலில் கொப்புளம் ஆறியதும் சமாதானம் பேசச் சுரண்டைக்குப் போனேன். கடையில் கத்தரிக்காய் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வாய் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“ஒரு எடத்துல மட்டும் ஒம்ம சாயல்ல ஒரு ஆளு சந்தைக்குள்ள நடந்து போறாப்புல எழுதுதேன் மச்சான். முடிச்சிக்கிடுவோம்.”

“வாய்ப்பேச்சு வேண்டாம். ஒம்ம நாக்கு பெரளும். துண்டப் போடும்.”

போட்டேன். எத்தனை விரலோ, அத்தனை இடத்தில் கதையில் அவர் வர வேண்டும். நான் அவருடைய விரல் ஒன்றைப் பிடித்தேன். உதறினார். இரண்டைப் பிடித்தேன். காறித் துப்பினார். பிறகு அவர் பாய்ந்து என் முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தார். கத்தரிக்காய் மூட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நான் யோசித்துப் பார்த்தேன். நாலு இடம். கொஞ்சம் திணறினாலும் கதை தாங்கிவிடும். துண்டை எடுத்தேன்.

“சரி மச்சான், நாலு.”

“என்ன நாலு? முழுக் கையப் பிடிச்சா அஞ்சு. சந்தைக்கு நேத்து வந்தவனுக்கும் தெரியும்.”

“எங்கையில நாலு வெரல்தான வே இருக்கு? இருக்கதத்தான் பிடிச்சீரு. நாலு.”

“அந்த அஞ்சாவத எடுத்தவனே நான்தாம்லே! அதுக்குத்தான் நியாயம் கேட்டு நிக்கேன், அதக் கணக்குலயே சேக்காமத் தின்னுட்டுப் போகப் பாக்கியா?”

மறுபடியும் துண்டு, மறுபடியும் சாட்சியில்லாத கணக்கு. அவர் என் மோதிரவிரலைப் பிடித்துப் பின்னுக்கு மடக்கினார். பச்சை முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி முறிந்தது. நான் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து அவர் தலையில் வைத்தேன். மண்டை தேங்காய் மாதிரி விரிந்து, ரத்தம் கத்தரிக்காய்மேல் ஓடிற்று. லோடுமேன்கள் வந்து இரண்டு பேரையும் ஆளுக்கொரு ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். எனக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டு, அவருக்குத் தலையில் தையல்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் அந்தக் கல்லூரிப் பெண் ஹாலைப் பார்க்க லாட்ஜுக்கு வந்தாள். வெளியே சாரல். ரிசப்ஷனுக்குப் பின்னால் என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து, பழைய பெட்ஷீட்டைத் தரை துடைக்கக் கிழித்துக்கொண்டிருந்தாள். சர் சர்ரென்று ஒவ்வொரு கிழிப்பும் தோலை உரிக்கிற மாதிரி சத்தம். அந்தப் பெண் என் கைக்கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மச்சான் தலைக்கட்டோடு படியேறி வந்தார். அவரையும் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“நோட்டீஸ் அடிக்கக் குடுக்கணும் அண்ணாச்சி. கதைத் தலைப்பு சொல்லுங்க.”

“எழுதிக்கோ தாயி,” என்று மச்சான் முந்திக்கொண்டார். “வெட்டுனவர்னு போட்டு எம்பேர எழுது. பெரிய எழுத்துல.”

“அவரு சொல்லுதத எழுதாதம்மா. வெட்டுனது பேயி.”

“பேயாலே வெட்டுச்சி?” நாற்காலியைத் தூக்கினார்.

பத்தை கட்டிய கையோடு நானும் ஸ்டூலைத் தூக்கினேன். அந்தப் பெண் சுவரோரம் ஒண்டினாள். கிழிக்கிற சத்தம் நின்றது.

“ஏம்மா,” என்றாள் என் வீட்டுக்காரி, எங்கள் பக்கமே திரும்பாமல். “எழுதித்தான் வாசிக்கணுமா? வாயால சொன்னா சேத்துக்க மாட்டியளா?”

“சொல்லலாமே ஆச்சி. யாரு சொல்லப் போறா?”

“நான்தான். இவுக பேர அடிச்சிட்டு எம்பேரப் போடு.” பிறகு எங்களைப் பார்த்தாள். “வெட்டுனது யாரு, வெட்டுனது யாருன்னு இம்புட்டுக் காலமா மண்டைய உடைச்சிக்கிடுதிய. வெட்டுன வெரலு எங்கன போச்சின்னு ஒருத்தராவது கேட்டியளா?”

நாற்காலி தானாகக் கீழே இறங்கியது. உண்மையைச் சொன்னால் நான் கேட்டதில்லை. சந்தையில் நாய் உண்டு, காக்கா உண்டு. விரல் போயிற்று என்று தெரியும், எங்கே போயிற்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“அத அன்னைக்கே காக்கா தூக்கியிருக்கும்ட்டி” என்றார் மச்சான்.

“காக்கா தூக்கல. ஒன்னைய போலீஸ் கூட்டிட்டுப் போன பெறவு, நீ தோள்ல போட்டிருந்த துண்ட ஆரோ வீட்டுல கொண்டாந்து போட்டாவ. அம்மை அத எங்கிட்டதான் தொவைக்கக் குடுத்தா. மடிப்ப உதறுனேன்.”

தூக்கியிருந்த ஸ்டூலை நானும் கீழே வைத்தேன்.

“அதுக்குப் பெறவு?” மச்சான் குரல் நூலாகியிருந்தது.

“அதுக்குப் பெறவு உள்ளத மாடியில மைக்குல சொல்லுதேன். அங்கன வந்து கேளுங்க.”

கல்லூரிப் பெண் மெதுவாகச் சுவரைவிட்டு நகர்ந்து வந்தாள். “ஆச்சி, தப்பா நெனைக்காதீங்க. நெசத்துல நடந்தத மட்டும் சொன்னா எங்க விதிக்கு ஒத்து வராது.”

என் வீட்டுக்காரி கிழிந்த துணியை மடியில் அடுக்கினாள். “எனக்கும் அது நெசம்னு மட்டும் சொல்லத் தெரியல தாயி. இப்பம் அது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். இம்புட்டு வருசத்துக்கு அப்புறமும் அது ஏன் அப்பிடியே இருக்குன்னு தெரியல.”

அந்தப் பெண்ணின் கையில் மயிர் குத்திட்டு நின்றதை நான் பார்த்தேன். என் பேரை அடித்தாள். என் வீட்டுக்காரி பேரை எழுதினாள். என்னைப் பார்த்து, சரிதானா என்கிற மாதிரி நின்றாள்.

என் ஹால், என் மைக், என் விரல். ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்தக் கால் மணி நேரம் எனக்கே திரும்பி வந்திருக்கும். ஆனால் இத்தனை வருடம் இந்தக் கதைகளை வாசித்தவன் நான், நல்ல சரக்கு எது என்று தெரியாதா? நான் ஒரு கோடை முழுதும் முட்டி மோதி எழுதியதை அவள் கிழிந்த துணியை அடுக்கிக்கொண்டே இரண்டே வாக்கியத்தில் அடித்துப் போட்டுவிட்டாள். வாசிக்கிற ஆசையைவிடக் கேட்கிற ஆசை எனக்குப் பெரிதாகிவிட்டது. “அவளே சொல்லட்டும்மா” என்றேன். மச்சானும் தலையை ஆட்டினார். அவர் பேரைப் போடுவது பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாநாட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவள் வழக்கம்போல மாவரைக்கிறாள், டிவி பார்க்கிறாள், எந்தச் சேலை கட்டலாம் என்று என்னிடமே கேட்கிறாள். அவள் மார்க்கெட்டுக்குப் போன ஒரு பகலில் நான் வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். அரிசிப் பானையில் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஊறுகாய் ஜாடியைக் கழுவி ஊற்றினேன். அவள் தாய்வீட்டுச் சீதனப் பெட்டியின் பூட்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கி, தலையணையைக் குத்திக் கிழித்தேன். பஞ்சுதான் பறந்தது. திரும்பி வந்தவள் வாசலில் நின்று உடைந்த பூட்டைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள். “அத நான் பெட்டிக்குள்ளயா வப்பேன்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மீன் உரசத் தொடங்கினாள். அன்றிலிருந்து சோற்றைப் பிசையும்போது என் கை கொஞ்சம் நிதானிக்கிறது.

நேற்று மச்சான் போன் செய்தார். தையல் பிரித்துவிட்டார்களாம். கொஞ்ச நேரம் கத்தரிக்காய் விலை பேசினார். பிறகு, “மாப்ளே, அன்னைக்கு முன்வரிசையில எனக்கு ஒரு சேர் போட்டு வையும்” என்றார். சரி என்று போனை வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அவரே கூப்பிட்டார்.

“முன்வரிசை வேண்டாம். கதவுகிட்ட போடும். பொசுக்குன்னு எந்திரிச்சு வெளிய போவணும்னா தோதா இருக்கும்.”

“கதவுகிட்ட ஏற்கெனவே ஒரு சேர் போட்டாச்சு மச்சான். அது எனக்கு. நீரு பக்கத்துல இரும்” என்றேன்.